மேட்டில் சார்ஜ் ஏன் சீக்கிரம் இறங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

கோல்ஃப் ஆட்டக்காரர்களையும் அவர்களது மட்டைப் பைகளையும் சுமப்பதற்காக 1950-களில் அமெரிக்க மைதானங்களில் பரவிய சிறிய மின்வண்டி, நம் ஊரில் மைதானத்துக்கு வெளியேதான் அதிகம் ஓடுகிறது. சென்னை சென்ட்ரல் நடைமேடையில் முதியோரை ஏற்றிச் செல்வதும், வண்டலூர் உயிரியல் பூங்காவில் பார்வையாளர்களைச் சுற்றிக்காட்டுவதும், விடுதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் நாள் முழுவதும் போய்வருவதும் அதே குடும்பத்து வண்டிதான்; பேட்டரி கார் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த வண்டி ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைப் பற்றி வந்த கேள்விகளில், நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் தரையின் தன்மையையும் தொடுகிறவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியை நிர்வகிக்கிறேன். நான்கு பேர் அமரும் பேட்டரி கார் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. எட்டு வோல்ட் பேட்டரிகள் ஆறு உள்ளன. முழு சார்ஜில் 60 கிலோமீட்டர் ஓடும் என்று விற்றவர் சொன்னார். எங்களுக்கு 25-ஐத் தாண்டுவதே அபூர்வம். வரவேற்பறையிலிருந்து மேலே உள்ள குடில்கள் வரை முக்கால் கிலோமீட்டர் தார்ச்சாலை, உயரம் ஏறக்குறைய 50 மீட்டர். வண்டியில் கோளாறா, விற்றவர் பொய் சொன்னாரா?
– விடுதி மேலாளர், கொடைக்கானல்

நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் இரண்டும் இல்லை என்றே தோன்றுகிறது. அவர் சொன்னது சமதளக் கணக்கு. உங்களுடையது மலைக் கணக்கு. இரண்டையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஈய-அமில பேட்டரிகளோடு உங்கள் வண்டி சுமார் 450 கிலோ இருக்கும். நான்கு பேர் ஏறினால் 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத் தார்ச்சாலையில் இந்த வண்டியை உருட்டிக்கொண்டே இருக்க, அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு, அதாவது 15 கிலோ விசையில் இழுத்தால் போதும். டயர் தரையில் அமுங்கி மீள்வதில் வீணாகும் விசை இது. 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று இன்னுமொரு 3 கிலோ அளவுக்குத் தடுக்கும். ஆக 18 கிலோ. ஒரு கிலோ விசையில் ஒரு கிலோமீட்டர் இழுக்கச் சுமார் 2.7 வாட்-மணி ஆற்றல் தேவைப்படுவதால், சக்கரத்தில் கிலோமீட்டருக்கு 49 வாட்-மணி செலவாகிறது. மோட்டார், கன்ட்ரோலர், பல்சக்கரம் எல்லாவற்றிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 70 வாட்-மணி எடுக்கவேண்டும். உங்கள் வகைப் பேட்டரிகள் பெரும்பாலும் 170 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டவை. ஆனால் அது இருபது மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு. வண்டி எடுக்கும் வேகத்தில் 145 தேறும். 48 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 7,000 வாட்-மணி. அதில் அறுபது விழுக்காட்டைப் பயன்படுத்தினால் 4,200. அதை 70-ஆல் வகுத்தால் அறுபது கிலோமீட்டர். விற்றவர் சொன்ன எண் இப்படித்தான் வந்திருக்கவேண்டும்.

இப்போது உங்கள் மேட்டுக்கு வருவோம். 750 மீட்டர் தூரத்தில் 50 மீட்டர் உயரம் என்றால் பதினைந்தில் ஒன்று என்ற சரிவு. மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில், பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் மிகச் செங்குத்தான பகுதியே ஏறக்குறைய பன்னிரண்டில் ஒன்றுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், உங்கள் பாதை எவ்வளவு கடுமையானது என்பது விளங்கும். சரிவின் விகிதம் எதுவோ, எடையில் அந்தப் பங்கு கூடுதல் இழுவிசையாக ஏறிவிடுகிறது: 750 கிலோவில் பதினைந்தில் ஒரு பங்கு 50 கிலோ. உருள்வதற்கான 15 கிலோவைச் சேர்த்தால் 65. சமதளத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். மேலே போய்ச் சேர்வதற்குள் பேட்டரியிலிருந்து சுமார் 190 வாட்-மணி போயிருக்கும். இறங்கும்போது எதுவும் செலவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒன்றரை கிலோமீட்டர் சுற்றுக்கு 190 என்றால் கிலோமீட்டருக்கு 127. அதே 4,200 வாட்-மணியில் 33 கிலோமீட்டர்தான் ஓடமுடியும்.

33 எப்படி 25 ஆயிற்று என்று கேட்பீர்கள். பேட்டரியிலிருந்து எவ்வளவு வேகமாக மின்சாரத்தை உருவுகிறோமோ அவ்வளவுக்கு அது தரும் மொத்த அளவே குறைந்துபோகும். ஈய-அமில பேட்டரியின் இந்தக் குணத்தை ஜெர்மானியரான வில்ஹெல்ம் பியூக்கெர்ட் 1897-இலேயே ஒரு விதியாக எழுதிவைத்தார். கோல்ஃப் வண்டிகளில் பெரிதும் பயன்படும் 6 வோல்ட், 225 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் அட்டவணையைப் பாருங்கள்: 25 ஆம்பியர் எடுத்தால் 447 நிமிடம் தாங்குகிறது. மூன்று மடங்காக 75 ஆம்பியர் எடுத்தால் 149 நிமிடமாவது வரவேண்டும் அல்லவா? வருவது 115 நிமிடம். சமதளத்தில் உங்கள் வண்டி 25 ஆம்பியருக்கு அருகில் எடுக்கிறது. மேட்டில், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலும் 60-ஐத் தாண்டிவிடும். ஆகவே 4,200 வாட்-மணி நடைமுறையில் 3,300 அளவுக்குச் சுருங்குகிறது. அதை 127-ஆல் வகுத்துப் பாருங்கள், 26 கிலோமீட்டர். உங்கள் வண்டி நன்றாகவே இருக்கிறது.

இனி வண்டி வாங்குகிறவர்கள், ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், தங்கள் பாதையின் நீளத்தையும் உயரத்தையும் சொல்லி, முழுச் சுமையோடு எத்தனை முறை ஏறி இறங்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. உங்கள் பாதைக்கு அந்த எண் பதினேழு.

ஏறும்போது செலவழித்த ஆற்றல் உயரமாகச் சேமிக்கப்படுகிறது என்று பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். இறங்கும்போது அது முழுவதும் திரும்ப வரவேண்டும். அப்படியானால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வண்டிக்கு மேடும் சமதளமும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏற்காடு

உங்கள் பாடத்தில் பிழையில்லை, ஐயா. மென்மையான சரிவுகளில் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கிறது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். தார்ச்சாலையில் உருள்வதற்கே எடையில் இரண்டு விழுக்காடு இழுவிசை வேண்டும் என்று மேலே பார்த்தோம். சாலையின் சரிவும் இரண்டு விழுக்காடாக, அதாவது ஐம்பதில் ஒன்றாக இருக்கட்டும். ஏறும்போது நான்கு பங்கு வேண்டும். இறங்கும்போது வண்டி தானாகவே உருளும், ஒன்றும் வேண்டாம். சராசரி இரண்டுதான். சமதளத்துக்கும் அதே இரண்டு. மெலிதாக மேலும் கீழும் அலைந்து செல்லும் பாதையைக் கண்டு வண்டிக்காரர்கள் அஞ்சத் தேவையே இல்லை.

சரிவு அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஆறு விழுக்காட்டுச் சரிவில் ஏற எட்டுப் பங்கு வேண்டும். இறங்கும்போது உருள்வதற்கு வேண்டிய இரண்டு போக நான்கு பங்கு மிச்சமாக வண்டியை முன்னே தள்ளுகிறது. வேகம் எல்லை மீறாமலிருக்க ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். அந்த நான்கு பங்கும் பிரேக் டிரம்மில் சூடாகி மறைகிறது. சராசரி நான்கு, சமதளத்தைப் போல இரு மடங்கு. மலையில் கீழே வந்துசேர்ந்த வண்டியின் சக்கரத்தருகே நின்றால் வரும் அந்தக் கருகல் வாடை, உங்கள் மாணவர்கள் தேடிய ஆற்றல்தான்.

அதைப் பேட்டரிக்குத் திருப்ப வழி உண்டு. பழைய வண்டிகளில் இருக்கும் தொடர்சுற்று மோட்டார் இதற்கு உதவாது. இறக்கத்தில் அது சும்மா சுழலும், வண்டி கட்டற்று வேகமெடுக்கும். தனிச்சுற்று மோட்டாரும், இப்போது வரும் மாறுமின்னோட்ட மோட்டாரும் இறக்கத்தில் மின்னாக்கியாக மாறி வண்டியைத் தாமே பிடித்து நிறுத்துவதோடு, ஓரளவு மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும். எவ்வளவு? கொடைக்கானல் வாசகரின் பாதையையே எடுத்துக்கொண்டால், இறக்கத்தில் சக்கரத்தில் கிடைப்பது சுமார் 70 வாட்-மணி. மோட்டார் வழியாகத் திரும்பும்போது அதிலும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழப்பு. பேட்டரிக்குச் சேர்வது 50-ஐத் தாண்டாது. ஏறச் செலவானது 190. கால் பங்குக்கு மேல் மீட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலைக்கு அத்தகைய மோட்டார் அவசியம் என்றுதான் நானும் சொல்வேன்; ஆனால் முதன்மையான காரணம் சார்ஜ் அன்று, பிரேக்கும் பயணிகளின் உயிரும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு அருகே எங்கள் விடுதி. மேடு என்பதே கிடையாது. ஆனாலும் எங்கள் வண்டி நாளொன்றுக்கு இருமுறை சார்ஜ் கேட்கிறது. அறைகளிலிருந்து கடற்கரைக் குடிசை வரை போகும் பாதையில் கடைசி 100 மீட்டர் மணல். நடுவில் புல்வெளியையும் கடக்கிறோம். மணல் அவ்வளவு பெரிய விஷயமா?
– விடுதிப் பராமரிப்பாளர், கிழக்குக் கடற்கரைச் சாலை

பெரிய விஷயம். மலையைக் காட்டிலும் பெரியது.

தார்ச்சாலையில் எடையில் இரண்டு விழுக்காடாக இருக்கும் உருளும் தடை, நன்றாக இறுகிய கப்பிச் சாலையில் சற்றே கூடுகிறது. வெட்டி ஒழுங்குசெய்த புல்வெளியில் ஐந்து, ஆறு, ஈரமாக இருந்தால் எட்டு வரை போகிறது. உலர்ந்து தளர்ந்த மணலில் பதினைந்து, இருபது, அதற்கும் மேல். இருபது விழுக்காடு என்றால் 750 கிலோ வண்டிக்கு 150 கிலோ இழுவிசை. ஐந்தில் ஒன்று என்ற சரிவில் ஏறுவதற்குச் சமம். அப்படிப்பட்ட மேடு உங்கள் வளாகத்தில் இருந்தால் அதில் வண்டியை ஏற்ற நீங்களே அனுமதிக்கமாட்டீர்கள்; மணல் கண்ணுக்குச் சமதளமாகத் தெரிவதால் தினமும் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

மேடு என்பது கடன். கொடுத்ததில் ஒரு பகுதியாவது இறக்கத்தில் திரும்பி வரும். மணலும் புல்லும் வரி. போகும்போதும் வசூல், வரும்போதும் வசூல். உங்கள் 100 மீட்டர் மணலை ஒருமுறை கடக்க ஏறக்குறைய 58 வாட்-மணி செலவாகிறது. அதே மின்சாரத்தில் தார்ச்சாலையில் 800 மீட்டருக்கு மேல் போயிருக்கலாம். போய்வர இரு மடங்கு. இதுவும் சக்கரம் சுழலாமல் ஒழுங்காக உருண்டால்தான். மணலில் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் மின்சாரம் போகும், வண்டி போகாது.

சிலர் மணலுக்காக டயரில் காற்றைக் குறைப்பார்கள். மணலுக்கு அது சரி. அகலமாகப் பதியும் டயர் குறைவாகப் புதையும். ஆனால் அதே டயரோடு தார்ச்சாலைக்கு வந்தால் அங்கே தடை கூடும், ஓரங்களும் தேயும். கோல்ஃப் வண்டி டயருக்கு வழக்கமாக 18 முதல் 22 பவுண்டு காற்று. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையைப் பார்த்து, பெரும்பகுதி எந்தத் தரையில் ஓடுகிறதோ அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்துக்குச் சரியான தீர்வு காற்றில் இல்லை, பாதையில் இருக்கிறது. சக்கரங்கள் பதியும் இரண்டு வரிகளுக்கு மட்டும் சிமென்ட் கற்களையோ தடித்த பலகைகளையோ பதித்துவிட்டால் போதும். அல்லது மணல் தொடங்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு, விருந்தினர்களைக் கடைசி 100 மீட்டர் நடக்கவிடலாம். கடலுக்கு வந்தவர்கள் மணலில் நடக்க மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அலை நனைத்த ஈரமணல் இறுகலாக இருக்கிறதே என்று அதன்மேல் ஓட்டாதீர்கள். உப்புநீர் பேட்டரி முனைகளையும் வயர் இணைப்புகளையும் அரித்து, சேமித்ததைவிட அதிகமாகச் செலவு வைக்கும்.

கோல்ஃப் கிளப்பில் மழைக்காலம் வந்தால் வண்டியைப் புல்லில் இறக்கக்கூடாது, பாதையிலேயே செல்லவேண்டும் என்கிறார்கள். மற்ற நாட்களில் பந்துக்கு நேராக வந்தபிறகு செங்கோணமாகத் திரும்பிப் புல்லுக்குள் வரலாம் என்கிறார்கள். இது புல்லைக் காப்பதற்கு மட்டுமா?
– கோல்ஃப் ஆர்வலர், கோயம்புத்தூர்

விதியின் நோக்கம் புல்லைக் காப்பதுதான். ஆதாயம் பேட்டரிக்கும் உண்டு. பதினெட்டுக் குழி மைதானத்தின் நீளம் சுமார் 6 கிலோமீட்டர். பந்தைத் தேடி அலைவதையும் சேர்த்தால் வண்டி அதைவிடக் கூடுதலாகவே ஓடும். முழுவதும் பாதையில் ஓடினால் ஒரு மடங்கு, முழுவதும் புல்லில் ஓடினால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு செலவு. ஈரப்புல்லில் மூன்றையும் தாண்டும். உதகையின் வென்லாக் டவுன்ஸ் மைதானத்தைப் போல நிலமே மேடும் பள்ளமுமாக இருக்கும் இடங்களில், புல்லின் தடையும் சரிவும் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும்: ஆறு விழுக்காட்டுப் புல்லில் ஆறு விழுக்காட்டு ஏற்றம் என்றால் மொத்தம் பன்னிரண்டு. அங்கே இறக்கத்தில் மிச்சமாகி வருவதும் ஒன்றுமில்லை; புல் அதையும் விழுங்கிவிடும்.

மருத்துவமனை வளாகத்தில் பேட்டரி கார் ஓட்டுகிறேன். புதுக் கட்டடத்துக்குச் செல்லும் சாய்தளத்தில் ஏறும்போது மீட்டர் சரசரவென்று சிவப்புக்கு வந்துவிடுகிறது; மேலே போய்ச் சமதளத்தில் நின்றால் பழையபடி பாதிக்கு மேல் காட்டுகிறது. எதை நம்புவது?
– பேட்டரி கார் ஓட்டுநர், வேலூர்

ஓடும்போது காட்டுவதை நம்பாதீர்கள், தம்பி. ஓய்ந்து நிற்கும்போது காட்டுவதை ஓரளவு நம்பலாம்.

பெரும்பாலான மீட்டர்கள் பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்தே சார்ஜைச் சொல்கின்றன. எந்தப் பேட்டரியிலும் உள்ளே ஒரு தடை இருக்கிறது. அதிலிருந்து அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது வோல்ட் தாழும், நிறுத்தினால் மீளும். 48 வோல்ட் வண்டி, முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும்போது 51-ஐ ஒட்டிக் காட்டும். சாய்தளத்தில் அது மூன்று நான்கு வோல்ட் தாழ்ந்து மீள்வது இயல்பு.

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக் கவனித்தேன்: சரசரவென்று. இதே சாய்தளத்தில் சில மாதங்களுக்கு முன்பு இவ்வளவு வேகமாக விழவில்லை என்றால், ஆறு பேட்டரிகளில் ஒன்று நலிந்திருக்கலாம். சமதளத்தில் நலிந்த பேட்டரி மற்ற ஐந்தின் பின்னே ஒளிந்துகொள்ளும். மேட்டில் அதனால் முடியாது. கண்டுபிடிப்பது எளிது. முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் விட்டு, இருக்கையைத் தூக்கி 24 மூடிகளையும் திறந்து ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு அறையின் ஆசிட்டையும் உறிஞ்சிப் பாருங்கள். நல்ல அறைகள் 1.27-ஐ ஒட்டி இருக்கும். ஏதாவது ஓர் அறை மற்றவற்றைவிட 0.05 குறைந்தால் அந்தப் பேட்டரிதான் ஆள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணியாமல் இதைச் செய்யவேண்டாம். ஆசிட்டுக்கு மேலே தகடுகள் தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, மீதியைச் சார்ஜ் ஏறி முடிந்தபிறகு ஊற்றுங்கள். முன்னதாகவே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

மெதுவாக ஏறினால் பேட்டரி மிச்சமாகுமா?
– வாசகர், திண்டுக்கல்

உயரத்துக்கு வேண்டிய ஆற்றல் வேகத்தைப் பொறுத்ததன்று. 50 மீட்டர் ஏற எப்படி ஏறினாலும் அதே விலைதான். மெதுவாக ஏறினால் பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் குறைவதால், முன்னே சொன்ன பியூக்கெர்ட் இழப்பு மட்டும் சற்றே குறையும். ஆனால் நத்தைபோல் ஊர்ந்தால், மோட்டார் அதே பாரத்தை நெடுநேரம் சுமந்து சூடேறும்; அதற்குள்ளிருக்கும் விசிறியும் அப்போது மெதுவாகத்தான் சுற்றும். சீரான நடுத்தர வேகமே நல்லது. மேட்டின் நடுவில் யாரையாவது ஏற்றிக்கொள்ள நிறுத்தும்போது, பிரேக்கைப் போடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. ஓர் அடிகூட நகராமல் நூறு ஆம்பியருக்கு மேல் மோட்டாருக்குள் பாய்ச்சி அதைச் சுடவைக்கும் வேலை அது.

தேயிலைத் தோட்டத்துக் கப்பிச் சாலையில் அடிபடுகிறது என்று வண்டியை உயர்த்தி, 18 அங்குல டயருக்குப் பதில் 22 அங்குல டயர் போட்டோம். சமதளத்தில் வேகம் கூடியிருக்கிறது. மேட்டில் திணறுகிறது, சார்ஜும் நிற்பதில்லை. ஏன்?
– தோட்ட மேற்பார்வையாளர், வால்பாறை

டயர் பெரிதாகும்போது, மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் வண்டி போகும் தூரமும் பெரிதாகிறது. உங்கள் வண்டிக்கு அது 22 விழுக்காடு. மிதிவண்டியில் மேடு ஏறும்போது சின்னக் கியருக்கு மாற்றாமல் பெரிய கியரிலேயே மிதிப்பவரின் நிலைதான் உங்கள் மோட்டாருக்கு. அதே மேட்டை அதே சுமையோடு ஏற அது 22 விழுக்காடு கூடுதலாக முறுக்கவேண்டும், மின்னோட்டமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுருள்களில் எழும் சூடு ஒன்றரை மடங்காகும். உயரத்தைக் கூட்டியதால் வளைவில் கவிழும் அபாயமும் கூடியிருக்கிறது. மலைத்தோட்டத்தில் அதைச் சொல்லாமல் விடமுடியாது.

பழைய டயருக்கே திரும்புங்கள் என்றால் அடிபடும் தொல்லை திரும்ப வரும். பின் அச்சிலுள்ள பல்சக்கரத் தொகுதியை மாற்றுவது ஒரு வழி. இவ்வகை வண்டிகளில் மோட்டார் பன்னிரண்டு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்படி அமைத்திருப்பார்கள். டயர் கூடிய அளவுக்கு, பதினைந்துக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு அருகில் கிடைத்தால் இழந்த இழுவை திரும்பிவிடும். வேகம் பழைய நிலைக்கு வரும். தோட்டத்தில் அந்த வேகம் போதுமே.

ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போடச் சொல்கிறார்கள். விலை கூடுதல். மலைப்பாதைக்கு அது தகுமா? எங்கள் சார்ஜிங் கொட்டகை பாதையின் உச்சியில் இருக்கிறது.
– விடுதி உரிமையாளர், உதகமண்டலம்

சமதளத்தில் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் பழைய பேட்டரி தேயும்வரை பொறுங்கள் என்றிருப்பேன். மலையில் ஓட்டுகிறவருக்குக் கணக்கு வேறு. எட்டு வோல்ட் ஈய பேட்டரிகள் ஆறும் சேர்ந்து சுமார் 170 கிலோ. அவற்றுக்குப் பதிலாகப் போடும் 105 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொகுதி 50 கிலோதான் இருக்கும். மேட்டில் தூக்கவேண்டிய எடையில் 120 கிலோ குறைகிறது. வேகமாக உருவினாலும் லித்தியத்தின் கொள்ளளவு பெரிதாகச் சுருங்காது. தொண்ணூறு விழுக்காடு வரை எடுக்கலாம். முதல் கேள்வியில் போட்ட கணக்கை இதற்கும் போட்டால், சமதளத்தில் 60 கிலோமீட்டர் ஏறக்குறைய 80 ஆகும்; கொடைக்கானல் மேட்டில் 26 கிலோமீட்டர் 45-ஐத் தொடும். முன்னதில் மூன்றில் ஒரு பங்கு ஆதாயம், பின்னதில் முக்கால் பங்குக்கு அருகில். எனவே உங்கள் இடத்துக்கு அந்த விலை தகும் என்பதே என் கருத்து.

வாங்கும்போது ஆம்பியர்-மணியை மட்டும் பார்க்காதீர்கள். லித்தியம் தொகுதிக்குள் இருக்கும் காவல் மின்சுற்று எத்தனை ஆம்பியர் வரை அனுமதிக்கும் என்று கேளுங்கள். மேட்டில் சுமையோடு புறப்படும் நொடியில் வண்டி 200 ஆம்பியரையும் தாண்டி இழுக்கக்கூடும். 100 ஆம்பியருக்கு மட்டுமே தாங்கும் தொகுதி, ஏற்றத்தின் நடுவில் சுவிட்சை அணைத்ததுபோல் வண்டியை நிறுத்திவிடும். பழைய சார்ஜரையும் மாற்றவேண்டும்.

கொட்டகை உச்சியில் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. முழுதாக நிரம்பிய பேட்டரியோடு காலையில் வண்டி முதல் வேலையாக இறங்குகிறது. இறக்கத்தில் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. காவல் மின்சுற்று அதைத் துண்டித்தால், ஓட்டுநர் நம்பியிருந்த மோட்டார் பிடிப்பும் சில வண்டிகளில் அக்கணமே விட்டுப்போகும். கொட்டகையை அடிவாரத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். நிரம்பிய பேட்டரியோடு ஏறத் தொடங்குவதே முறை. முடியாவிட்டால் உச்சியில் 90 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்திவிடும்படி சார்ஜரை அமைக்கச் சொல்லுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் உதகையில் உறைபனி விழும் விடியற்காலைகளில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றக்கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். மாலையில் வண்டி வந்து நின்றதும், அதன் சூடு ஆறுவதற்குள், இரவு பத்து மணிக்குள் முடியும்படி சார்ஜ் போட்டுவிடுங்கள். கொட்டகையின் திறந்த பக்கத்தைத் தார்ப்பாயால் மூடிவைத்தால் விடியலில் பேட்டரி அந்த அளவுக்குக் குளிராது.